பதிமூன்றாவது டம்ளர்

சங்கத்துக்காரர்களுக்கு என் வீட்டில் டீ கிடையாது. முப்பது வருஷமாக இதுதான் சட்டம். தண்ணீர் கேட்டால் கொடுப்பேன், தண்ணீரை மறுக்கும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. மற்றபடி பால் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, என் வீட்டுக்காரரே கண்ணால் ஜாடை காட்டினாலும் சரி, எழுந்திருக்க மாட்டேன். அவர்தான் முனகிக்கொண்டே போய் முனைக் கடையில் வாங்கி வருவார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. குமரகுரு என்றால் காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் தெரியாதவர்கள் இல்லை. பட்டு நெசவாளர் சங்கத்தை ஆரம்பித்தவர், பத்தொன்பது வருஷம் செயலாளர். நான் அவர் பெண்சாதி கமலாட்சி, என்னை யாருக்கும் தெரியாது. ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவாள். மற்ற ஆறு நாளும் என் குரல் எனக்குக் கேட்பது பால்காரனிடம் "அரை லிட்டர் போதும்பா" என்று சொல்லும்போது மட்டும்தான். பொழுது போவதற்கு அடுத்த தெருத் தறிக்காரர்களுக்கு ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிறேன். ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றும் வேலை, கை பாட்டுக்குச் செய்யும்.

ஜூலை முதல் வாரத்தில் சங்க ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் சங்கீதா. இருபத்தைந்து வயது இருக்கும், தோளில் லேப்டாப் பை. சங்கத்துக்கு நாற்பது வருஷம் ஆகிறதாம், மலர் போடுகிறார்களாம், வேலையை இவள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

"சாரோட நல்ல போட்டோ ஒண்ணு வேணும்மா. ஃபர்ஸ்ட் மீட்டிங்ல இருந்த பதிமூணு பேர் போட்டோவும் ஒரே பேஜ்ல வருது. சார்து மட்டும்தான் பாக்கி."

"பதிமூணு பேரா?"

"ஆமாம்மா. சார் எழுதின புக்லயே லிஸ்ட் இருக்குதே."

"இருக்கும், இருக்கும்" என்றேன்.  பீரோவிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள். அதை மட்டும் கேட்காமல் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

"சார் அடிக்கடி சொல்லுவாராமே, சைனா மாநாடு. நெட்ல தேடிப் படிச்சேம்மா. ஏரியில போட்ல மீட்டிங் நடந்தப்போ ஒருத்தரோட ஒய்ஃப் வெளிய உக்காந்து காவல் இருந்தாங்களாம். இங்க அந்த மாதிரி யாராவது இருந்தாங்களா?"

நாற்பது வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. 

"செருப்பைக் கழட்டு" என்றேன். "உள்ள வந்து உக்காரு."

என் வீட்டுக்காரருக்குச் சீனாப் பைத்தியம். பட்டு நூல் சீனாவிலிருந்து வருகிறதே, அது மாதிரி இவருக்கு மாநாடும் அங்கிருந்தே வந்தது. கல்யாணமான புதிதில் மற்ற பெண்களுக்குப் புருஷன் சினிமாக் கதை சொல்வான். எனக்கு இவர் சொன்னது ஷாங்காய்க் கதை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, ஜூலை இருபத்து மூன்று. ஒரு செங்கல் வீட்டில் பதிமூன்று பேர் கூடினார்கள், கட்சியின் முதல் மாநாடு. அத்தனை பெரிய தேசத்தில் அன்றைக்குக் கட்சிக்கு மொத்தமே ஐம்பது சொச்சம் ஆள்தானாம். ஒரு நாள் ராத்திரி நீள அங்கி போட்ட ஒருவன் வீட்டுக்குள் நுழைந்து, யாரையோ தேடி வந்தேன், வீடு மாறிவிட்டது என்று சொல்லிப் போனான். கூட்டத்திலிருந்த வெளிநாட்டுக்காரர் விவரமானவர், மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, இப்போதே கலையுங்கள் என்றார். கால் மணி நேரத்தில் போலீஸ் வந்து பார்த்தால் வீடு காலி. பிறகு ரயிலேறி வேறு ஊருக்குப் போய், அங்கே ஏரியில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து மீதி மாநாட்டை நடத்தினார்கள். யாராவது பக்கத்தில் வந்தால் விளையாடுவது போலக் காட்ட மேஜை மேல் காய்களைப் பரப்பி வைத்திருந்தார்கள்.

"அதுவும் நம்ம ஊரு மாதிரி பட்டு ஊருதான் கமலா" என்பார், என்னவோ சம்பந்தி வீடு அங்கே இருப்பது போல.

படகைப் பிடித்துக் கொடுத்தது ஒரு பிரதிநிதியின் பெண்சாதி. மாநாடு முடியும் வரை முனையில் உட்கார்ந்து வருகிற போகிற படகைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். அவளைப் பதிமூன்றில் சேர்க்கவில்லை. இன்னொரு கூத்தும் உண்டு. பிற்பாடு அவர்களுக்கே தேதி மறந்து போய், ஜூலை ஒன்று என்று வைத்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள்.

"எழுதி வெக்கலை பாரு. எழுதி வெக்கலைன்னா நடந்ததும் நடக்காததும் ஒண்ணுதான்." இதுவும் அவர் சொன்னதுதான்.

எண்பத்தைந்தில் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினோம். நாலு பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்போதுதான் இவருக்குச் சங்கம் அமைக்கும் யோசனை வந்தது. நாள் பார்த்தார், இருபத்து மூன்று ஜூலை. ஆள் எண்ணினார், பதிமூன்று. இடம், எங்கள் தறிக்கூடம். எனக்கு இருபத்திரண்டு வயது.

ஆனால் காவலுக்கு வழி சொன்னவள் நான். "வெளிய உக்காந்து தார் சுத்திக்கினு இருக்கேன். ராட்டை சத்தம் கேக்குற வரைக்கும் பேசுங்க. சத்தம் நின்னா அடுத்த நிமிஷம் பின்சுவரை ஏறிக் குதிச்சிடுங்க" என்றேன். நெசவுத் தெருவில் ராட்டை ஓடுவதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள், நிற்பதை உள்ளே இருப்பவர்கள் மட்டும் கவனிப்பார்கள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்காக இன்னும் பத்துக் கூட்டத்துக்குக் காவல் இருந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் வந்தவர்கள் பன்னிரண்டு பேர், இவரையும் சேர்த்து. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்களிடம் ஆறு டம்ளர்தான் இருந்தது, பக்கத்து வீட்டுத் தில்லையம்மாளிடம் ஆறு வாங்கியிருந்தேன். பதிமூன்றுக்கு ஒன்று குறைகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. டீ ஊற்றும்போது பார்த்தால் சரியாக இருந்தது. பதிமூன்றாவது ஆளாக எண்ணியிருந்த துரைக்கண்ணு வரவில்லை.

ஆறரை மணி இருக்கும், வெளிச்சம் மங்கிவிட்டது. நாலு வீடு தள்ளி லைட் கம்பத்தருகே ஒருவன் வந்து நின்றான். மழமழவென்று மொட்டைத் தலை, மேலே துண்டு, மீசை இல்லாத முகம். எங்கள் வாசலையே பார்த்தான். இரண்டடி வருவான், திரும்பிப் போவான், மறுபடி நிற்பான். பத்து நிமிஷம் நான் நூலைப் பார்க்கவே இல்லை. அவன் தைரியமாக மூன்றாவது தடவை காலை எடுத்து வைத்தபோது ராட்டையை நிறுத்தினேன்.

உள்ளே ஒரு சத்தம் இல்லை. பன்னிரண்டு பேரும் பூனை மாதிரி போனார்கள். நான் ஓடிப் போய்ப் பாதி குடித்த டம்ளர்களைக் கழுவி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டு வந்து பார்த்தேன். மொட்டை காணோம். நாலு நாள் கழித்துத் தாமல் ஏரியில் மீதிக் கூட்டம் நடந்தது. ஆடி மாசம், ஏரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது, படகுக்கு எங்கே போவது! வெடித்த தரையில் சீட்டுக்கட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். கரை மேல் புளிச்சோற்றுக் கூடையோடு நான் காவல். அன்றும் துரைக்கண்ணு வரவில்லை.

மொட்டைத் தலைப் போலீஸ்காரனைப் பற்றி நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் குதித்தார். "ஷாங்காய்லயும் இதே மாதிரிதான் கமலா! அச்சு அசலா இதே மாதிரி!" ஒரு மாசம் ஊரெல்லாம் அதே பேச்சு. நான் தண்ணீர்க் குழாய்க்குப் போனால் பெண்கள் வழி விட்டார்கள். பிறகு எப்படியோ அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

தொண்ணூற்றைந்தில், பத்தாம் ஆண்டுக்கு, இவர் ஒரு புத்தகம் எழுதினார். முப்பத்திரண்டு பக்கம். அச்சாகி வந்த அன்று கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கினேன். பதிமூன்று பேர் பட்டியல் இருந்தது, வராத துரைக்கண்ணு உட்பட. முதல் கூட்டத்தைப் பற்றி, 'எதிர்பாராத காரணத்தால் கூட்டம் பாதியில் கலைந்தது' என்று ஒரே வரி. ராட்டையும் இல்லை, நானும் இல்லை.

"இன்னா இது?" என்றேன்.

"எடம் பத்தலை கமலா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அன்றோடு நிறுத்தினேன் டீயை.

எல்லாவற்றையும் சங்கீதாவிடம் கொட்டினேன், துரைக்கண்ணு வராததை மட்டும் சொல்லவில்லை. அவள் கண்ணெல்லாம் விரிந்தது. "அம்மா, இது வேற லெவல்மா! சைனால அந்த அம்மாவைப் பத்தி இப்போதான் எல்லாரும் எழுதறாங்க. நாம உங்களைப் பதினாலாவது ஆளா போடலாம்மா, போட்டோவோட!" என்றாள். தொட்டால் சுடும் போலிருந்தது அந்த வார்த்தை. பதினாலாவது ஆள்.

ஆனால் மறுநாள் போனில் குரல் இறங்கியிருந்தது. "தலைவர் வேலாயுதம் சார் ஆதாரம் கேக்குறாரும்மா. பதிமூணு பேர்ல உயிரோட இருக்கிறது துரைக்கண்ணு ஐயா மட்டும்தான். போலீஸ் வந்ததும் நீங்க ராட்டையை நிறுத்தினதும் உண்மைன்னு அவரு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம். பிரஸ்ஸுக்கு வெள்ளிக்கெழமை போகுது."

டைப் அடித்த தாளையும் அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தாள். ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கூட்டத்துக்கே வராத ஆள் நாற்பது வருஷமாக ஸ்தாபகர் என்று சால்வை வாங்குகிறார். அவர் சாட்சி சொன்னால்தான் நான் இருந்தேன் என்று ஆகுமாம். நல்ல நியாயம்! போட மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கட்டும், டம்ளர் கணக்கை எடுத்து வைக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

துரைக்கண்ணு இப்போது மாகறலில் மகள் வீட்டில் இருக்கிறார். பஸ் பிடித்துப் போனேன். மகளும் மருமகனும் ஒரகடத்துக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். பின்பக்கத்துத் தனி அறையில், கட்டிலில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி இருந்தது, போடவில்லை. எழுபது வயசு, பளபளவென்று வழுக்கை, மீசை மட்டும் பழைய திமிரோடு வெள்ளையாக. என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் வீட்டுக்காரரை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார், அதனால் அவரைவிடச் சின்னவளான நான் அண்ணி.

"அண்ணி! இன்னா இவ்ளோ தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

"உங்களால ஆவ வேண்டிய காரியம் ஒண்ணு இருக்குது" என்று தாளை நீட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் படித்தார். படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா யோசனை? நீங்க அன்னிக்கி வரலைன்னு எனக்குத் தெரியும். பன்னெண்டு டம்ளர்தான் கழுவினேன். நாப்பது வருஷமா வாயைத் திறந்திருக்கேனா? எனக்காக ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா?"

"போடறேன் அண்ணி. அதுக்கில்லை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ராட்டையை நிறுத்தினது எனக்கு நல்லாத் தெரியும். காதால கேட்டேன்."

"வராத ஆளு எப்படிக் கேட்டீங்க?"

"வந்தேன்" என்றார். "லைட் கம்பத்தாண்ட நின்னானே ஒரு மொட்டை. அது நான்தான் அண்ணி."

நான் சிரித்தேன். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது, மஞ்சள் காமாலை, பிழைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். பெண்சாதி திருத்தணிக்கு வேண்டிக்கொண்டாள். இவரோ தெருமுனையில் நின்று, முடியைக் கொடுத்தா முருகன் கூலி ஏத்துவானா என்று மைக்கில் கேட்ட மனுஷன். ஒருத்தருக்கும் தெரியாமல் போய் முடியையும் அந்தப் பெரிய மீசையையும் இறக்கிவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

"வந்துட்டேனே தவிர, காலு ஏறலை. மொட்டைத் தலையோட உள்ள போனா எல்லாரும் காறித் துப்புவானுங்களேன்னு நின்னேன். போறதா, திரும்பறதான்னு இழுத்துக்கினு இருந்தேன். சரி, ஆவறது ஆவட்டும்னு காலை எடுத்து வெச்சேன். ராட்டை நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எனக்கும் அந்த ஏற்பாடு தெரியுமே! எனக்குப் பின்னாடி போலீஸ் வந்துக்கினு இருக்குதுன்னு நெனச்சி நானும் எடுத்தேன் ஓட்டம். நேரா இங்க மாகறலுக்கு வந்து, முடி வளர்ற வரைக்கும் இந்த ஊரை விட்டு நகரலை. ஒரு மாசம் கழிச்சி காஞ்சிபுரம் வந்தா, மொட்டைத் தலைப் போலீஸ்னு ஊரே பேசுது. அப்பதான் எனக்கே விளங்குச்சு."

போலீஸ் வரவே இல்லை. அன்று எங்கள் தெருவில் ஆபத்து என்று ஒன்று இருக்கவே இல்லை. பன்னிரண்டு பேரை அவர்களுடைய சொந்த சிநேகிதனிடமிருந்து காப்பாற்றியிருக்கிறேன். அறையில் ஃபேன் கிறீச் கிறீச் என்று சுற்றியது.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். மொதல்ல விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் கம்முனு ஆயிட்டாரு. 'அன்னிலேர்ந்து கமலா நடக்கற நடையே மாறிப் போச்சு துரை, அதைக் கெடுத்துடாதே'ன்னாரு. வெளிய இனிமே அந்தப் பேச்சை எடுக்கறதில்லைன்னு அவரே நிறுத்திக்கினாரு. நான் வரலைன்னு எழுதினா ஏன்னு நாலு பேர் கேப்பான், மொட்டை வெளிய வரும்னு என்னையும் லிஸ்ட்ல சேத்துட்டாரு. 'சீனாவுலயே அது பன்னெண்டா பதிமூணான்னு தகராறு இருக்குது, நம்ம கணக்கை எவன் பாக்கப் போறான்'னாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்காகப் பொய் எழுத வந்துச்சு. எனக்காக ஒரு பொய் எழுத அந்த மனுஷனுக்குக் கை வரலையா?"

"எழுதினாரு அண்ணி. புக் போடறப்போ அந்த இடத்தை மூணு தடவை எழுதி மூணு தடவை அடிச்சாரு, நான் பாத்தேன். போலீஸ் வந்துச்சுன்னு எழுதினா எவனாவது தோண்டுவான், எந்த போலீஸ், எந்த ஸ்டேஷன்னு. தோண்டினா கடைசில உங்க தலையிலதான் வந்து விழும். ஊரு சிரிக்கும். வரலைன்னு எழுதினா உங்க மனசு போயிடும். 'அவ என் மேல கோச்சிக்கினு இருக்கட்டும் துரை, அது பரவால்லை'ன்னு சொல்லிட்டு அடிச்சிட்டாரு."

 துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கேட்காமலே தாளில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

"போலீஸ்தான் வந்துச்சு. நான் சாட்சி. நாப்பது வருஷம் சொன்ன பொய்யோட இதுவும் ஒண்ணு. எனக்கு அப்புறம் கேக்கறதுக்கும் ஆள் இல்லை, அண்ணி. உங்க பேரு வரட்டும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நானும் சிரித்திருப்பேனே, இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் சிரித்திருப்பேன். இருபத்தெட்டு வருஷம் உன் சிநேகிதர்கள் எதிரில் உன்னைக் கடைக்கு அனுப்பினேன், முனகிக்கொண்டு போனாயே தவிர வாயைத் திறந்தாயா? ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கமலா, ராட்டை" என்று ஆரம்பித்தார். "இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்று கையை உருவிக்கொண்டேன். அவர் மறுபடி ஆரம்பிக்கவில்லை. வாலாஜாபாத் சாலையில் பஸ் நின்றபோது பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கீதா வந்தாள். மலரின் பக்கத்தை லேப்டாப்பில் காட்டினாள். பதிமூன்று போட்டோவுக்குக் கீழே, தனிக் கட்டத்தில், என் ஆதார் கார்டிலிருந்து எடுத்த முகம். 'பதினான்காவது ஆள்: ராட்டையை நிறுத்திச் சங்கத்தைக் காப்பாற்றிய கமலாட்சி.' என் பெயரை அச்செழுத்தில் நான் ரேஷன் கார்டுக்கும் கரண்ட் பில்லுக்கும் வெளியே பார்த்ததில்லை. திரையை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"துரைக்கண்ணு ஐயா கையெழுத்துப் போட்டாராம்மா?"

தாள் என் மடியில்தான், சேலை மடிப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. நான் போன பிறகும் அந்தக் கட்டம் இருக்கும், என் பேத்தி பார்ப்பாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"எடுத்துடும்மா அதை" என்றேன்.

"ஏம்மா? அவரு மாட்டேன்னுட்டாரா?"

"அவரு தங்கமான மனுஷன், போடறேன்னுதான் சொன்னாரு. தப்பு என்னுது. போலீஸ் வரலை. யாரோ கோயிலுக்கு மொட்டை போட்டுக்கினு வந்தவன் வழியில நின்னிருக்கான். நான் பயந்துபோய் ராட்டையை நிறுத்திட்டேன். அவ்ளோதான்."

"யாரும்மா அது?"

"ஊருல ஆயிரம் மொட்டை. யாரைன்னு சொல்றது?"

அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ அந்தப் பாரா முழுக்க டெலீட் பண்ணணும்மா. சார் எழுதின பழைய லைனையே போட்டுடறேன். எதிர்பாராத காரணத்தால்னு."

"அதையே போடு. அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு."

ஒரு பட்டனைத் தட்டினாள், என் முகம் போய்விட்டது. அவள் தெரு தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடியிலிருந்த தாளை அடுப்பில் வைத்தேன். வீடு அன்றைக்குப் போல என்றைக்கும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

இருபத்து மூன்றாம் தேதி கல்யாண மண்டபத்தில் விழா. எனக்கும் அழைப்பிதழ் வந்தது, 'திருமதி குமரகுரு' என்று. போகவில்லை. மைக் சத்தம் மட்டும் தெரு வரைக்கும் கேட்டது, யாரோ ஷாங்காய் என்று சொல்வது கேட்டது, கைத்தட்டலும் கேட்டது. சாயங்காலம் பாலைக் காய்ச்சி டீ போட்டேன். எனக்கு ஒரு டம்ளர் போதும். கை தானாக இரண்டு டம்ளருக்குத் தண்ணீர் வைத்துவிட்டது. பிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிட்டு ராட்டையை வாசலில் போட்டு உட்கார்ந்தேன்.

ஆறரை மணி இருக்கும். நாலு வீடு தள்ளி லைட் கம்பத்தருகே ஒருவர் வந்து நின்றார். மொட்டைத் தலை, இப்போது அது தானாகவே வந்த மொட்டை. தோளில் விழாவில் போர்த்திய சால்வை, கையில் மலர். அதில் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார். என் வாசலைப் பார்த்தார். இரண்டடி வந்தார். திரும்பிப் போனார். மறுபடி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் காதுக்கு என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். என் கை வலித்தது, நூல் இரண்டு தடவை அறுந்தது, சக்கரத்தை விடாமலே ஒரு கையால் முடிந்து மறுபடி சுற்றினேன்.

கடைசியில் அவர் வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் என் கையையே பார்த்தார்.

"உள்ள போய் உக்காருங்க" என்றேன், ராட்டையை நிறுத்தாமல். "பிளாஸ்க்ல டீ இருக்குது. டம்ளர் பக்கத்துலயே வெச்சிருக்கேன்."